பூட்டுப் போட்ட சரக்கு

நம் ஆரணிப் பட்டுச் சேலையை எந்த நாட்டிலும் உடுத்தலாம். ஆரணி அரிசியை எந்த அடுப்பிலும் பொங்கலாம். படத்தட்டுக்கு அந்த உரிமை இல்லை. டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, சிங்கப்பூர் 3, இந்தியா 5. மண்டலப் பூட்டுள்ள தட்டை உறவினர் அங்கிருந்து கொண்டுவந்தால், இங்குள்ள சாதாரணக் கருவியில் ஓடாது. ப்ளூ-ரேயில் பிரிவே வேறு: அவ்விரு நாடுகளும் ஏ, நாம் சி. ‘எல்லா மண்டலமும் ஓடும்’ என்று விற்கும் கருவிகளில் சில டிவிடிக்கு மட்டுமே அப்படி.

ஆகவே, வாங்கும்போது இரு வகை வெளிநாட்டுத் தட்டுகளையும் போட்டுப் பார்த்தே நாம் பணம் தரவேண்டும். விற்கும் நம் சகோதர வணிகர்கள் உள்ளதைச் சொல்லி, பில்லிலும் எழுதித் தரவேண்டும். பூட்டுப் போட்டவர் தயாரிப்பாளர். மறைத்தால் பழி கடைக்காரருக்கே. எடையில் குறைத்தாலும் சொல்லில் குறைத்தாலும் குறை ஒன்றுதான்.