இருமினால் சிறுநீர் கசிகிறதா?

இருமும்போதும், தும்மும்போதும், பாரம் தூக்கும்போதும் சிறுநீர் கசிவது தாய்மார் பலருக்குள்ள கஷ்டம். வுழூ முறிந்துவிட்டதோ என்ற கவலையில் தொழுகையிலும் மனம் நிலைப்பதில்லை. வெட்கத்தால் வெளியே சொல்வதுமில்லை.

சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் தளர்ந்து விடுவதே இதற்கு முக்கிய காரணம். அவற்றைப் பலப்படுத்தும் பயிற்சியை 1948இல் அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கெகல் எடுத்துரைத்தார்.

வாயுவையும் சிறுநீரையும் அடக்குவது போல உள்ளே இறுக்கி மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சையும் அடக்க வேண்டாம். முதலில் 3 விநாடி இறுக்கி, அதேயளவு நேரம் தளர்த்துங்கள். படிப்படியாக 10 விநாடி வரை கூட்டலாம். ஒரு தடவைக்கு 10 முறை. நாளுக்கு 3 தடவை. படுத்தும் செய்யலாம், இருந்தும் செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் இப்பயிற்சி வேண்டாம். தும்மல் வருவது தெரிந்தால் முன்கூட்டியே இறுக்கிக் கொள்ளுங்கள்.

குறைந்தது 3 மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். எரிவு, இரத்தம், ஏதோ கீழிறங்குவது போன்ற உணர்வு இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சகோதரிகளே, 'பிள்ளை பெற்றால் அப்படித்தான்' என்று பொறுத்திருக்கத் தேவையில்லை.