துப்பாக்கிக் கட்டையும் மண்வெட்டிப் பிடியும்

விழா மலருக்கு எழுதப் புகுவோர் கல்வி, ஒழுக்கம், தமிழ்த்தொண்டு என்னும் பொருள்களை எடுத்தாளுதல் வழக்கம். நாமோ மரத்தைப் பற்றி எழுத முற்படுகின்றோம். அதிலும் துப்பாக்கிக்குக் கட்டையாகும் மரத்தைப் பற்றி எழுதுகின்றோம். தமிழாசிரியர்க்கு இப்பொருள் எதற்கென அன்பர்கள் வினவலாம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை ஆராய்வார்க்கு இம்மரம் சொல்லும் செய்தி பெரிது என்பது எமது துணிபு.

துப்பாக்கியின் குழல் இரும்பு. அதனைத் தாங்கித் தோளிற் பொருந்தும் பகுதி நெடுங்காலம் மரமாகவே இருந்தது. அம்மரத்துக்கு வேண்டும் இயல்புகள் நான்கு. பின்னுதைப்பிற் பிளவாமை ஒன்று. சுமப்பார்க்குப் பாரமாகாமை ஒன்று. உளிக்கு இணங்குதல் ஒன்று. ஈரத்திலும் வெயிலிலும் உருத் திரியாமை ஒன்று. இவற்றுள் இறுதியதே தலையாயது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாட்டில் நீள்வது மிகச் சிறிது, குறுக்குவாட்டிலேயே பருக்கும். முன்கட்டை முறுக்கிக்கொண்டு குழலை நெருக்குமாயின் குறி பிசகும். நுவரெலியாவிலும் அட்டனிலும் பருவமழைக் காலத்திற் கதவுகள் இறுகுவதைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வைரம் மிகுந்த மரமே சிறந்த மரம் என்பது நம்மவர் எண்ணம். கருங்காலியும் முதிரையும் இந்நாட்டின் பெருமைக்குரியனவே. ஆயினும் தோளிற் சுமக்கும் கட்டைக்கு அவை மிகப் பாரமானவை. படைகள் பெரிதும் விரும்பியது அக்ரோட்டு எனப்படும் வால்நட் மரத்தையே. ஐரோப்பாவிலும் காசுமீரத்திலும் வளர்வது ஒருவகை; அமெரிக்கக் கருவால்நட் மற்றொருவகை. நடுத்தர எடையும், அதிர்ச்சி தாங்கும் உரமும், பதப்படுத்தியபின் எளிதில் உருமாறாத தன்மையும் அதற்குண்டு. பிரித்தானியரின் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிக்குக் கட்டை பின்கட்டை, முன்கட்டை என இருகூறாக அமைந்தது. அக்கட்டைகளுக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டி ஈரம் புகாது காத்தனர்.

1939 முதல் 1945 வரை நடந்த உலகப் போரில் வால்நட் தட்டுப்பட்டது. பிரித்தானியர் பீச், பேர்ச் மரங்களைக் கைக்கொண்டனர். இரசியர் தம் காடுகளில் மலிந்த பேர்ச் மரத்தைப் பயன்படுத்தினர். அவுஸ்திரேலியர் தம் நாட்டுக் குயீன்ஸ்லாந்து மேப்பிளையும் கோச்வுட்டையும் எடுத்தனர். செருமானியரோ பீச் மரத்தை மெல்லிய தகடுகளாக்கி ஒட்டிக் கட்டை செய்தனர். ஒட்டிய கட்டை சற்றுப் பாரமாயினும் ஈரத்தில் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. முன்னர் நம் தோட்டங்களிலிருந்து தேயிலையைச் சுமந்து சென்ற ஒட்டுப்பலகைப் பெட்டியும் இம்முறைக்கு உறவானதே. அழகுக்கு வால்நட்டும், மலிவுக்குப் பேர்ச்சும், மலைநாட்டு ஈரத்துக்கு ஒட்டிய கட்டையும் முதலிடம் பெறும் என்பது எமது மதிப்பீடு. 1960களில் அமெரிக்கரின் எம்-16 பிளாஸ்டிக் கட்டையுடன் வந்தபின், மரத்தின் ஆட்சி மெல்லக் குறைந்தது.

இம்மதிப்பீடுகள் யாவற்றிலும் ஒன்றைக் காண்கின்றோம். மரத்தின் நன்மை தீமைகள் அனைத்தும் துப்பாக்கிக்குப் பின்னிற்பவனின் தோளைக்கொண்டே அளக்கப்பட்டன. முன்னிற்பவன் அக்கணக்கில் வரவேயில்லை. மலைநாட்டில் இவ்விருவரும் யாவர் என்பதை வரலாறு கூறும்.

1900ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை கண்டியைத் தலைமையிடமாகக்கொண்டு தோன்றியது. அதில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரே சேர்ந்தனர். தென்னாபிரிக்கப் போருக்கும், 1914இல் எகிப்துக்கும், பின்னர்க் கலிப்பொலிக்கும் அப்படையினர் சென்றனர். 1949இல் அது கலைக்கப்பட்டது. அரைநூற்றாண்டுக் காலம் தோட்டத்தில் துரையின் தோளுக்குத் துப்பாக்கியும் தொழிலாளியின் தோளுக்கு மண்வெட்டியும் உரியனவாயிருந்தன. 1940 சனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் துறந்தார். அத்துப்பாக்கியின் கட்டை எம்மரமாயினும் ஆகுக. மரம் பழி அறியாது. அதைத் தோளிலேற்றும் மனிதனே பழிக்கும் புகழுக்கும் உரியவன்.

துப்பாக்கிக் கட்டையைப் பற்றி நூல்கள் பல உள. மண்வெட்டிப் பிடிக்கும், முள்ளுக்கும், கவ்வாத்துக் கத்திக்கும் ஏற்ற மரம் எது என்பதைத் தமிழில் முறையாக எழுதி வைக்க முனைந்தோர் அரியர். அவ்வறிவோ லயங்களில் வாழும் முதியோரிடம் நிறைய உண்டு. கொய்யாக் கொம்பு பிடிக்கு ஏன் நன்று, எத்துணை நாள் நிழலில் உலர்த்த வேண்டும், கை காய்க்காதபடி எவ்வாறு இழைக்க வேண்டும் என்பவற்றை அவர்கள் கையாலே அறிவர். காற்றுக்கும் நிழலுக்குமாக அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த சவுக்கு எனப்படும் கிரெவில்லியாவும், டர்ப்பன்டைன் என வழங்கும் யூக்கலிப்டசும் எந்தெந்த வேலைக்கு உதவும் என்பதையும் அவர்களே அறிவர். அம்முதியோர் ஒவ்வொருவராக மறையுந்தோறும் ஓர் ஏட்டுச்சுவடி எரிந்துபோகின்றது. பிள்ளைகளோ வேலை தேடிக் கொழும்புக்குச் செல்கின்றனர். கேட்டு வைப்பார் இலர்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் உள்ளூரிலும் கடல் கடந்தும் விளங்குகின்றனர். விழாக் காலத்தில் வளைவும் கட்டடமும் எழுப்புதலைக் குறைகூறோம். ஆயினும் மலைநாட்டுப் பாடசாலையொன்றில் மரவேலைக் கூடம் ஒன்று அமைத்து, அதனோடு தோட்டத்து மரங்களின் பெயரும் பயனும் தொகுத்த சிறுநூல் ஒன்றும் வெளியிடுதல் அவற்றினும் உயர்ந்த பணி. மரவேலை படிப்பில் பின்தங்கியோர்க்கு ஒதுக்கிய பாடம் என்னும் எண்ணமும் அதனால் ஒழியும். பொருள் தருவோர் பொருள் தருக. தொழில் அறிந்தோர் விடுமுறையில் வந்து பயிற்றுக. முதியோரின் சொற்களைக் கேட்டு எழுதும் பணியை, தமிழ் கற்பிக்கும் எம்போல்வார் ஏற்போம்.

துப்பாக்கி ஏந்திய தோளுக்கு நல்ல மரம் தேட உலகமே முயன்றது. மண்வெட்டி பிடித்த கைக்கும் அத்துணை அக்கறை உரியதென்பதே எமது வழக்கு.