கிரிவலப் பாதையில் காதை அடைக்கலாமா?

விடியற்காலையில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையோரம் நின்றால் இரண்டு வகைச் சைக்கிள்களைப் பார்க்கலாம். ஒன்று, பால்கேன் தொங்கும் பழைய வண்டி. இன்னொன்று, கியர் வைத்த புது வண்டி. புது வண்டிக்காரர் காதில் பெரும்பாலும் இயர்பட்ஸ் இருக்கும். அவர் கேட்பது ருத்ரமா, இளையராஜாவா என்பதெல்லாம் பின்னால் வரும் லாரிக்கு ஒன்றுதான்.

சட்டம் இதில் தலையிடுவதில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே செல்பேசியைக் கையில் பிடிப்பதை ஆபத்தான ஓட்டுதலாகக் கருதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு மிதிவண்டியைத் தொடாது. பிரான்ஸில் 2015 ஜூலை முதல் சைக்கிள்காரரும் காதில் இயர்பட்ஸ் போன்ற எதையும் செருகக் கூடாது; மீறினால் 135 யூரோ அபராதம். ஜெர்மனி கருவியைத் தடுக்கவில்லை. சுற்றுச் சத்தம் காதில் விழ வேண்டும் என்கிறது. நெதர்லாந்து 2019-ல் சைக்கிளில் செல்பேசியைக் கையில் பிடிப்பதற்குத் தடை போட்டது, பாட்டுக்குப் போடவில்லை. அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. நம் ஊர் விஷயத்தை நம் சாலையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கிரிவலம் மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவது. 14 கிலோமீட்டரிலும் திருப்பம் என்று வந்தால் அது வலப்பக்கத் திருப்பம்தான். இடது ஓரம் போகிற நம் நாட்டில் இதற்கு ஒரு விளைவு உண்டு. ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையை விட்டுக் கிரிவலப் பாதைக்குள் நுழைய, சைக்கிள்காரர் இடது ஓரத்திலிருந்து சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதே நேரம் பெங்களூரு பக்கம் போகும் வண்டிகள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக வரும். ஆசிரமத்து வாசலில் ஆட்டோ வரிசை, சாலையில் மாடு, எதிரே டவுன் பஸ். கண் முன்பக்கம் மாட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கத்துக்குக் காதுதான் இருக்கிறது.

நடப்பவர்களும் இடது ஓரத்தில்தான் போகிறார்கள். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் வழி என்பது நம்பிக்கை. ஆகவே வண்டிக்கு முதுகைக் காட்டி வெறுங்காலோடு நடக்கும் ஒருவரைச் சுற்றிப் போகச் சைக்கிள்காரர் சட்டென்று வலது பக்கம் ஒதுங்குவார். பின்னால் வருவது என்னவென்று காது முன்பே சொல்லியிருந்தால் ஒதுங்குவதற்குப் பதில் பிரேக் பிடித்திருப்பார்.

ஒலியை அடக்கும் இயர்பட்ஸ் இன்னும் மோசம். அது நன்றாக அடக்குவது சீரான, தாழ்ந்த ஒலிகளை. லாரி எஞ்சினின் உறுமலும் டயரின் இரைச்சலும் அந்த வகைதான். திடீரென்று அடிக்கும் ஹாரன் அதையும் மீறிக் கேட்கும். தூரத்திலேயே கிடைக்க வேண்டிய எச்சரிக்கை போய், முதுகருகே அலறுவது மட்டும் மிஞ்சும். திடுக்கிட்டவர் கை ஹேண்டில்பாரைத் திருப்பும். ஒற்றைக் காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. இரண்டு காதிலும் விழும் ஒலியின் வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஒரு காதை அடைத்தால் சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் என்பது குழம்பும்.

காது கேளாதவர் சைக்கிள் ஓட்டுவதில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2011 டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் பெறவே வழி திறந்திருக்கிறது. ஆனால் கேளாதவர் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் வளர்த்துக்கொண்டவர். பாட்டுக்காரர் அரை மணி நேரத்துக்குக் காதைக் கழற்றி வைப்பவர். கண்ணுக்கு அந்தப் பயிற்சி கிடையாது. பின்புறம் பார்க்கும் கண்ணாடி மாட்டிய சைக்கிளையும் நம் ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே கழற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பழி முழுவதையும் இயர்பட்ஸ் தலையில் போட எனக்கு மனமில்லை. கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்பீக்கர் அதிரப் போகிறார், அவரை யாரும் கேட்பதில்லை. லாரியின் முதுகில் 'சவுண்ட் ஹாரன்' என்றே எழுதி வைத்திருக்கிறோம். ஹாரன் அடித்துவிட்டால் கடமை முடிந்தது, விலகுவது முன்னால் போகிறவர் பாடு என்பது இங்கே எழுதாத விதி. காதைப் பிளக்கும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-லேயே தடுத்துவிட்டன. அது சாலையில் தெரிவதில்லை. பாதிப் பேர் காதை அடைப்பது பாட்டுக்காக இல்லை, இந்த அலறலிலிருந்து தப்பிக்கத்தான் என்று தோன்றுகிறது.

பௌர்ணமி தோறும் நிர்வாகம் இந்தப் பாதையில் வண்டிகளை நிறுத்திக் காட்டுகிறது. தினமும் அப்படி முடியாது. அடி அண்ணாமலை மக்களுக்குப் பஸ் வேண்டும், பால் வண்டி வேண்டும். ஆனால் விடியற்காலை நான்கு முதல் ஏழு வரை, செங்கம் சாலைப் பிரிவிலிருந்து காஞ்சி சாலை வரை கனரக வண்டிகளை மட்டுமாவது வேறு வழியில் அனுப்பலாம். அதோடு, வாடகைச் சைக்கிள் விடும் கடைகள் ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக் கொடுக்கலாம். அதற்கு அரசாணை தேவையில்லை.