மலையோட்டமும் வலியறிதலும்

உடலுரம் பெறுதலும் கல்வியின் ஓர் உறுப்பே என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், அவ்வுரத்தை எதனைக்கொண்டு அளத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு நாம் இன்னும் தக்க விடை கண்டிலம். மெய்வல்லுநர் போட்டிகளுக்கு முன்னோடியாக மரதன் ஓட்டம் நடாத்துதல் நம் நாட்டுப் பாடசாலைகளின் வழக்கம். அதில் முந்தி வருவோர் சிலர் புள்ளியும் பரிசும் பெறுவர். பின்னே வந்த பலரை நாம் மறந்துவிடுகின்றோம். விரைவொன்றே உரத்தின் அளவுகோல் என்னும் இம்மனப்பாங்கைத் திருத்தவல்லது மலையோட்டம் என்பது எமது துணிபு.

அரை மரதன் என்பது 21.0975 கிலோமீற்றர் தூரம். தார் வீதியில் இத்தூரத்தை உலகின் முதன்மை வீரர் ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கின்றனர். கல்லும் சேறும் மரவேரும் நிறைந்த மலைத்தடத்திலோ அத்தூரமே வேறொன்றாகிவிடுகின்றது. 1892ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து மலையேறியான வில்லியம் நேய்ஸ்மித் நடப்போர்க்கென ஒரு கணக்கு வகுத்தார். 3 மைலுக்கு ஒரு மணி. ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி. இதன்படி, 3,000 அடி ஏற்றமுள்ள அரை மரதன் தூரத்தை நடந்து கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் செல்லும். அதனை மூன்று மணியில் ஓடி முடித்தானை மந்தன் எனல் பொருந்துமோ? மலைக்கு மலை ஏற்றமும் நிலமும் வேறாதலின், கடிகாரங் காட்டும் எண் அங்கே தன் ஆட்சியை இழந்துவிடுகின்றது.

செங்குத்தான ஏற்றத்தில் தேர்ந்த வீரரும் நடப்பர். அஃது இழுக்கன்று, அறிவு. இறக்கமோ எளிதெனத் தோன்றி ஏமாற்றுவது. இறங்கும்போது உடலின் பாரத்தைத் தாங்கித் தடுக்கும் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே இறுகவேண்டியிருத்தலின் அவற்றின் நார்கள் நைந்துபோகின்றன. முதற்குன்றின் இறக்கத்திற் செருக்குடன் பாய்ந்தவன் அதன் விலையைக் கடைசிக் குன்றிற் கொடுப்பான்.

கென்யா நாட்டு லேவா வனவிலங்குக் காப்பகத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஓட்டம் இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில், வெயிலும் புழுதியும் மேடுபள்ளமும் நிறைந்த மண்பாதையில் அது நிகழ்கின்றது. பாதையை ஒருமுறை சுற்றினால் அரை மரதன். இருமுறை சுற்றினால் முழு மரதன். விலங்குகள் குறுக்கிடாவண்ணம் ஹெலிகொப்டரும் காவலரும் காத்து நிற்பர். உலகப் புகழ் பெற்ற வீரரும் முதன்முறை ஓடவந்தாரும் ஒரே தடத்தில் ஓடுகின்றனர். திரளும் நிதி வனவிலங்குக் காப்புக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுகின்றது.

ஆயினும், தாங்குதலும் அளவிறந்தால் மடமையாகும். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற் கடும் வெயிலில், கரடுமுரடான நிலத்தின் வழியே பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஓட்டமொன்று நடைபெற்றது. தொடங்கினார் 38 பேர். முடித்தார் 15 பேரே. பலர் மயங்கி வீழ்ந்தனர். அதன்பின் அவ்வோட்டம் தனிப் போட்டியாக ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. அன்று முதல்வராக வந்த பின்லாந்து வீரர் பாவோ நுர்மி, கையிற் கடிகாரம் ஏந்தித் தம் வேகத்தைத் தாமே அளந்து ஓடிப் பழகியவர். தம்மளவு அறிந்தவர்க்கே அவ்வெயில் வழிவிட்டது என்க. வள்ளுவனார் வலியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தமையை ஈண்டு நினைத்தல் தகும். வினையின் வலியையும் தன் வலியையும் தூக்கிப் பாராதவன் முயற்சி, எத்துணை வீறுடையதாயினும், வீணே.

பாதியில் நின்றவன் தோற்றவனன்றோ எனச் சிலர் வினவலாம். தன் உடல் தரும் எச்சரிக்கையைக் கேட்டு நின்றவன், மறுமுறை ஓடும் உரிமையைக் காத்துக்கொண்டவன். அவனைத் தோற்றவன் என்றல் பிழை. எம்மூரில் மலை எங்கே எனப் பிறர் வினவலாம். மலையில்லாத ஊரிலும் மணற்பாங்குண்டு, வயல்வரம்புண்டு. காலை இழுக்கும் மணல் குன்றுக்கு இளைத்ததன்று.

ஆதலின், இவ்விழாக் காலத்தில் யாம் வேண்டுவது இது. மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் ஒருங்கு கூடி ஓடும் கரட்டுநில ஓட்டமொன்றைக் கல்லூரி ஆண்டுதோறும் நடாத்துக. இடையிடையே தண்ணீரும், உடன் ஒரு மருத்துவரும் இருத்தல் கட்டாயமாகுக. தொடங்குமுன் ஒவ்வொருவரும் தாம் எத்துணை நேரத்தில் முடிப்பர் என எழுதிக் கொடுக்க, கடிகாரமின்றி ஓடுக. தாம் சொன்ன நேரத்துக்கு மிக அண்மையில் வந்தவர்க்கே முதற்பரிசு வழங்குக. அப்பரிசைப் பதினாறு வயதினன் பெறலாம். அறுபது வயதினரும் பெறலாம். முடித்தார் அனைவர் பெயரும், மருத்துவர் சொற்கேட்டு நின்றார் பெயரும் ஒரே ஏட்டிற் பதிவாகுக.

முந்துவோரைப் போற்றுதல் எளிது. தன்னை அறிந்தோரைப் போற்றுதலே கல்விக்கழகத்துக்கு அழகு. கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் இளைஞன் எதிர்கொள்ளும் வாழ்க்கைப் பாதை சமதரையன்று. அதற்கு அவனை இப்போதே பழக்குவோமாக.