இரவெல்லாம் உறுமும் லாரி: பிழை யாருடையது?

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஹைதராபாத்தைக் கடக்கையில் போலாரத்துக்குச் சற்று மேற்கே செல்கிறது. நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் வடக்கே போகும் லாரிகளுக்கு அதுவே வழி. போலாரத்தில் டிசம்பர் இரவு மிகக் குளிர்ந்தாலும் 10 டிகிரியை ஒட்டியே நிற்கும். அணைத்து வைத்த லாரி விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். அதே சாலையின் வட முனையில், பனிப்பொழிவால் காசிகுண்டில் நிறுத்தப்படும் லாரிகளின் இன்ஜின்களை ஓட்டுநர்கள் இரவு முழுவதும் அணைப்பதில்லை. அணைத்துவிட்டவர்கள் காலையில் டீசல் தொட்டிக்கு அடியில் நெருப்பு மூட்டுவதும் உண்டு. இதை அறியாமை என்றும் எரிபொருள் விரயம் என்றும் கடிந்துகொள்வது எளிது. ஆனால் இங்கே பிழை ஓட்டுநருடையது அன்று; அவருக்கு வேறு வழி வைக்காத ஏற்பாட்டினுடையது.

டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்துள்ளது. வெப்பம் குறையக் குறைய அம்மெழுகு நுண்படிகங்களாகப் பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். தொட்டியில் டீசல் நிறைந்திருந்தும் இன்ஜினுக்கு ஒரு துளியும் போய்ச் சேராது. குளிரில் வடிகட்டி அடைபடத் தொடங்கும் வெப்பநிலைக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள உச்ச வரம்பு, கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி, குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி. ஸ்ரீநகரின் ஜனவரி இரவுகளோ பூஜ்ஜியத்துக்குக் கீழே செல்பவை. அதாவது, தர நிர்ணயத்துக்கு முற்றிலும் உட்பட்ட டீசலும் அங்கே உறையக்கூடும்.

சிக்கல் எரிபொருளோடு முடிவதில்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குளிர்ந்த இரும்பு அந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டுச் சுழற்சியைத் தடுக்கிறது. அதே வேளையில், மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. அதிக வலு தேவைப்படும் நேரத்தில்தான் வலு குறைந்து நிற்கிறது. இதைத் தன் அனுபவத்தால் அறிந்த ஓட்டுநர் இன்ஜினை அணைக்காதிருப்பது தேர்ந்த முடிவேயாகும்.

அம்முடிவுக்கு அவர் தரும் விலையோ பெரிது. கனரக லாரி நின்றபடி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் டீசல் செலவாகும். 10 மணி நேர இரவுக்கு 30 லிட்டர். குறைந்த சூட்டில் ஓடும் இன்ஜினில் எரியாத டீசல் ஆயிலோடு கலந்து தேய்மானத்தைக் கூட்டுகிறது. மூடிய கேபினுக்குள் புகை கசிந்தால், உறங்குபவர் கார்பன் மோனாக்ஸைடால் விழிக்காமலே போகக்கூடும். மண்ணெண்ணெய் கலக்கும் பழைய உபாயமும் தீங்கற்றதன்று. மண்ணெண்ணெயின் வழுவழுப்பு குறைவு என்பதால், டீசலையே உயவுப்பொருளாகக் கொண்ட பம்ப் தேய்ந்துபோகும்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகள் நகரக் காற்றுக்குத் தேவையானவை. எனினும் அவை இந்தக் கைப்பழக்கங்களைக் கடினமாக்கிவிட்டன. புகையைத் தூய்மையாக்கும் யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைகிறது. நெடுநேரம் நின்றபடி ஓடும் இன்ஜினின் புகை போதிய சூடேறாததால், கரித்தூள் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள இயலாமல் அடைத்துக்கொள்கிறது. லாரி மாறிவிட்டது, லாரி நிற்கும் இடம் மாறவில்லை.

தீர்வு எட்டாத தொலைவில் இல்லை. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் பாயும் டீசலைப் பானிபட் ஆலையில் தயாரித்து லடாக்குக்கு அறிமுகம் செய்தது. கனடாவிலும் பின்லாந்திலும் வாகன நிறுத்துமிடங்களில் இன்ஜினைச் சூடாக வைக்கும் ஹீட்டருக்கான மின்இணைப்பு எளிய வசதியாகவே உள்ளது. போலாரத்தை அடுத்த திருமலகிரியில் ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி இயங்குகிறது. உறைபனி என்பதையே அறியாத ஊரிலிருந்தும் இமயத்துக்கு வண்டி பராமரிக்கும் ஆட்களை உருவாக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. ராணுவ வண்டிக்குப் பயிற்சி பெற்ற கைகள் உண்டு. அதே குளிரில் அரிசியும் மருந்தும் கொண்டுசெல்லும் சரக்கு லாரிக்கு அதன் ஓட்டுநர் மட்டுமே உண்டு.

ஆகவே கோரப்படவேண்டியவை மூன்று. லடாக்குக்கான டீசல், காஷ்மீர் நெடுஞ்சாலையின் பங்க்குகளிலும் குளிர்காலம் முழுவதும் கிடைக்கவேண்டும். லாரிகள் தடுத்து நிறுத்தப்படும் இடங்களில் ஹீட்டருக்கு மின்இணைப்பும், ஓட்டுநர் கேபினுக்கு வெளியே உறங்கச் சூடான கூடமும் அமையவேண்டும். ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் சேர்த்து வைத்திருக்கும் குளிர்கால அறிவைப் பொறியியல் துறைகள் முறையாகப் பதிவுசெய்து, சோதித்து, பாடமாக்கவேண்டும். போக்குவரத்து ஆய்வுகள் டன் கணக்கையும் கிலோமீட்டர் கணக்கையும் நுணுக்கமாக அளக்கின்றன. லாரி நிற்கும் இரவும் சரக்குப் போக்குவரத்தின் ஒரு பகுதியே என்பதை அவை இனியேனும் கணக்கில் கொள்ளவேண்டும்.