காற்றைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுங்கள்

அலைச்சறுக்குக்காக இலங்கைக்குக் கிளம்புவோர் முதலில் விடுதி தேடுகிறார்கள். பார்க்க வேண்டியது பருவக்காற்றை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரை கொந்தளிக்கும்; அப்போது கிழக்கே அறுகம் குடாவில் நல்ல அலை எழும். டிசம்பர் முதல் மார்ச் வரை வெலிகம, ஹிக்கடுவ பக்கம் போகலாம். முதன்முறை பலகை ஏறுவோருக்கு மணல் அடித்தளமுள்ள வெலிகமவே பொருத்தம்; பாறை மேல் உடையும் அலை பழகியவர்களுக்கானது. கைட் சர்ஃபிங் என்றால் காற்று பலமாக வீசும் கற்பிட்டி; பவளப்பாறை மீன்களைப் பார்க்க நிலாவெளி அருகே புறாத்தீவு. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணித்தால் எதிலும் தேற மாட்டோம். ஒன்றை மட்டும் எடுத்து, உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் முறையாகக் கற்பதே கொடுத்த காசுக்குத் தகும்.