ஜாமீன் கிடைத்தது, கதவு திறக்கவில்லை

சாதாரண அடிதடி வழக்கு. ஜாமீனில் விடத்தக்க குற்றம். மாஜிஸ்திரேட்டும் ஜாமீன் உத்தரவு போட்டுவிட்டார். ஆனாலும் பையன் பத்தொன்பது நாள் சிறையில் கிடந்தான். ஏன்? உள்ளூரில் நிலமுள்ள இரண்டு பேர் பஹணியோடு ஜாமீன் நிற்க வேண்டுமாம்!

விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறவன் அவன். தகப்பனார் 2001-இல் சுரங்கம் மூடும்வரை உழைத்தவர். லைன் வீட்டில் குடியிருப்பு. பூமிக்கடியில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்துக்குப் பூமிக்கு மேலே ஒரு சென்ட் கிடையாது. பஹணிக்கு எங்கே போவார்? என் சம்பளச் சீட்டை நீட்டினேன். ரயில்வேக்காரர் மாற்றலாகிப் போய்விடுவார் என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் கோர்ட் வாசலில் பஹணியும் கையுமாக நிற்கும் ஒருவருக்கு, வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொடுத்துத்தான் பையனை மீட்டோம். அது தவறு என்று தெரியும். தோழர்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இது சட்டத்தின் குறையா? இல்லை என்பதுதான் வேதனை.

1978-லேயே மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி முறையில் நிற்க வந்தவரின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று மறுத்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்துப் போனார். போர்ட் பிளேயரிலோ சாந்தினி சௌக்கிலோ பிடிபட்ட ஒரு தமிழனோ கன்னடிகனோ மலையாளியோ அங்கே சொத்துள்ள ஆளை எங்கே தேடுவான் என்று தீர்ப்பிலேயே கேட்டார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் கொத்தனாரை விடச் சொன்னார். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்காகவே எழுதியது போன்ற தீர்ப்பு அது.

2023 ஜனவரி 31 அன்று சுப்ரீம் கோர்ட் மறுபடியும் சொன்னது: உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையே விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அதை விதிக்காமல் இருக்கலாம். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறை அதிகாரி ஜில்லா சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. நடைமுறைச் சட்டத்தின் பெயர் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா'. பெயரைப் புரிந்துகொள்ளவே நமக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்! இருந்தாலும் அதன் 478-ஆம் பிரிவு நமக்கு உதவுவது. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்தில் ஜாமீன்தாரரைக் காட்ட முடியாதவரை ஏழை என்றே கொண்டு, சொந்தப் பிணையில் விட வேண்டும். பழைய சட்டத்திலும் இது உண்டு. அப்படியானால் நம் பையன் கிடந்த மீதிப் பன்னிரண்டு நாள் யார் கணக்கில்?

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். தண்டனை பெறாதவர்கள்.

வெளியூர்க்காரன் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிடுவான் என்று நீதிமன்றம் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பாட்டன் புதைந்த இடம் இங்கே. இவன் ஓடி எங்கே போவான்? இதைப் பார்க்காமல் பஹணியை மட்டும் பார்ப்பது எந்த நீதி?

இதை எடுத்துச் சொல்ல அன்று நமக்கு ஆளில்லை. வக்கீல் வைக்கக் காசில்லை என்று நாமும் சும்மா இருந்துவிட்டோம். காவலில் உள்ளவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், தொழிற்சாலைத் தொழிலாளர் யாவருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. வருமானம் பார்க்கக் கூடாது.

ஆகவே வீட்டில் யாராவது கைதானால், தாய்மார்களே, புரோக்கரிடம் போகாதீர்கள். கைதான தேதி, குற்ற எண், சட்டப் பிரிவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அன்றே சங்கத்துக்கு வாருங்கள். ஏழாம் நாள் மனு எழுத ஆள் இருக்கிறோம்.